சண்பகமும் அதனை மனையில் வளர்க்கும் முறையும்

மேனாட்டுப் படப் புத்தகங்களிலும் நாட்காட்டிகளிலும், இலை ஒன்றேனும் இல்லாத கிளைகளிற் கிண்ணம் போன்ற வெண்மலரும் இளஞ்சிவப்பு மலரும் நிறைந்து நிற்கும் மரமொன்றை நம்மிற் பலர் கண்டு வியந்திருத்தல் கூடும். அதன் பெயர் மக்னோலியா. குளிர்நாடுகளிற் பனிக்காலம் கழிந்து இளவேனில் பிறந்தமையை முதன்முதல் அறிவிக்கும் மரங்களுள் அஃது ஒன்று. அதனை நம் நாஞ்சில் நாட்டு வீட்டுத் தோட்டத்தில் வைத்து வளர்த்தல் இயலுமா என்னும் வினா மாணவரிடையே அவ்வப்போது எழுகின்றது. வெளிநாட்டிலிருந்து விதை வருவிக்கலாமா என்று கேட்பாரும் உளர். சுருங்கச் சொல்லின், அந்த மரம் இங்கு வாராது. ஆயின் அதன் உடன்பிறப்பு ஒன்று நெடுங்காலமாக நம்மிடையே வாழ்கின்றது. நாம்தான் அதனை மறந்து வருகின்றோம். அதுவே சண்பகம்.

குளிர்நாட்டு மக்னோலியா இங்கு ஏன் வாராது என்பதை முதற்கண் நோக்குவோம். அம்மரங்கள் வரும் ஆண்டில் மலர வேண்டிய அரும்புகளை முந்திய கோடையிலேயே ஈன்று, மென்மயிர் போர்த்த மூடிகளுள் வைத்துப் பனிக்காலம் முழுவதும் உறங்கச் செய்கின்றன. நெடுங்குளிரை நுகர்ந்த பின்னரே அவ்வரும்புகள் வெயிலின் வெம்மையை உணர்ந்து ஒருங்கே விரியும். குளிர் இல்லையேல் உறக்கம் இல்லை. உறக்கம் இல்லையேல் ஒழுங்கான விழிப்பும் இல்லை. இன்று மேனாட்டுத் தோட்டங்களில் மிகுதியாகக் காணப்படும் வகை, பிரான்சு நாட்டிற் சூலாஞ்சு போடான் என்பார் 1820-ஆம் ஆண்டிற் சீனத்து மக்னோலியா இரண்டனைக் கலந்து உண்டாக்கியதாகும். அதன் பெற்றோர் இருவரும் குளிரிற் பழகியவர். நாகர்கோவிலிலோ மார்கழித் திங்களிலும் ஒரு போர்வைக்குமேல் வேண்டுவதில்லை. உதகமண்டலம், கொடைக்கானல் போன்ற உயர்ந்த மலையூர்களில் இருப்போர் முயன்று பார்க்கலாம். வயலும் தென்னையும் சூழ்ந்த நம் சமநிலத்தில் அம்முயற்சி பொருட்கேடே என்பது நம் கருத்து.

இனிச் சண்பகம் மக்னோலியாவின் உடன்பிறப்பாவது எங்ஙனம் எனின், அதற்கு ஒரு சிறு வரலாறு உண்டு. மக்னோலியா என்னும் பெயர் பிரான்சு தேசத்து மாம்பெலியே நகரில் வாழ்ந்த பியேர் மஞோல் (1638–1715) என்னும் தாவர நூற்புலவரின் நினைவாக 1703-ஆம் ஆண்டில் இடப்பட்டது. நம் சண்பகத்திற்கோ, 1753-ஆம் ஆண்டில் லின்னேயஸ் என்னும் பேரறிஞர் மிச்சேலியா என்று வேறொரு குடிப்பெயர் வைத்தார். அஃது இத்தாலி நாட்டுப் புளோரன்சு நகரத்து மிக்கேலி (1679–1737) என்பாரை நினைவூட்டுவது. மலர் கிளையின் நுனியில் தோன்றின் மக்னோலியா, இலைக்கக்கத்தில் தோன்றின் மிச்சேலியா என்று நெடுங்காலம் பிரித்து வந்தனர். பிற்காலத்து மரபணு ஆராய்ச்சி இப்பிரிவு பொருந்தாதெனவும், மிச்சேலியா என்பது மக்னோலியாவினுள்ளேயே அடங்கிய ஒரு கிளையெனவும் காட்டிற்று. ஆதலின் இன்று தாவர நூலார் பலர் சண்பகத்தை ‘மக்னோலியா சம்பாகா’ என்றே வழங்குகின்றனர். குடிப்பெயர் மாறினும், பின்வரும் சொல் சம்பகம் என்னும் நம் நாட்டுப் பெயரே என்பதை மாணவர் கவனிப்பாராக.

லின்னேயஸுக்கு இம்மரத்தைப் பற்றிய செய்தி கிட்டிய வழிகளுள் ஒன்று நம் கடற்கரைக்கு அணித்தானது. கொச்சியிலிருந்த ஒல்லாந்தரின் தலைவர் வான் ரீட் என்பார் மலையாள நாட்டுச் செடிகொடிகளை எழுதுவித்து, 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்ட ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்’ என்னும் நூலின் முதற்றொகுதியிலேயே சண்பகத்தின் படம் உள்ளது. செடிகளின் பெயரையும் பயனையும் கூறி உதவியவருள் இட்டி அச்சுதன் என்னும் நாட்டு வைத்தியர் தலையாயவர். அவ்வொல்லாந்தரே பின்னர் 1741-ஆம் ஆண்டிற் குளச்சலில் மார்த்தாண்டவர்மரின் படைக்குத் தோற்றனர் என்பது வேறு கதை. தமிழ்நூலிலோ சண்பகம் இதற்கு மிகமிக முற்பட்டது. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் எண்ணப்பெறும் மலர்களுள் அதுவும் ஒன்று. அண்டையிலுள்ள குற்றாலத்தில் மலைமேல் வீழும் செண்பகாதேவி அருவியின் பெயரை அறியாதார் யார்?

நூலிற் பெயர் நிலைத்திருப்பினும், வழக்கில் அது பெரிதும் குழம்பிக் கிடக்கின்றது. தோவாளை மலர்ச் சந்தையிற் சம்பங்கி என்று கேட்பின் தருவது வேறு பூ. அது கிழங்கிலிருந்து முளைக்கும் சிறு செடியின் வெண்மலர், மெக்சிகோ நாட்டிலிருந்து வந்தது. தெலுங்கர் சண்பகத்தைச் சம்பங்கி என்பராதலின், அப்பெயரே நம்மிடையே அச்செடியைச் சென்று பற்றிற்றுப் போலும். கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களிற் செம்பகம் என்று சுட்டிக் காட்டப்படுவது சில வேளை ஈழச் செம்பகமாக இருக்கும்; அதுவும் அமெரிக்கக் கண்டத்தது; கிளையை ஒடித்தாற் பால் வடியும். நாகசண்பகம் எனப்படுவதோ புன்னையின் இனத்தைச் சேர்ந்த வன்மரம். ஆகவே கன்று வாங்குவோர் பெயரை நம்பாது அடையாளத்தை நம்புதல் வேண்டும். சண்பகத்தின் இளங்கிளையிற் கணுத்தோறும் மோதிரம் இட்டாற்போல ஒரு வட்ட வடு உண்டு. இலைத்தளிரை மூடியிருந்த உறை உதிர்ந்த தடம் அது. ஆல், அரசு முதலியவற்றிலும் இவ்வடு உண்டெனினும் அவற்றிற் பால் வரும்; சண்பகத்திற் பால் இல்லை. மோதிர வடு உண்டு, பால் இல்லை என்பதை நினைவில் வைத்தால் ஏமாற்றம் நேராது.

மலரைப் பற்றியும் சிறிது சொல்லாமல் மேற்செல்ல மனம் வரவில்லை. தாவர நூல் பயிலும் மாணவர் ஒரு சண்பகப் பூவை எடுத்து இதழிதழாகப் பிரித்துப் பார்ப்பாராக. புறவிதழ் இஃது, அகவிதழ் இஃது என்று பிரித்துரைக்க இயலாதவாறு, ஏறக்குறைய 12 முதல் 20 வரையிலான பொன்னிற இதழ்கள் ஒரே தன்மையவாய் அமைந்திருக்கும். அவற்றின் நடுவே ஒரு சிறு தண்டு எழுந்து நிற்க, அதன் அடியில் மகரந்தத் தாள்களும் மேலே சூல்பைகளும் திருகுசுருளாக ஒட்டியிருக்கும். இஃது மிகப் பழைய அமைப்பு. மக்னோலியாவை ஒத்த மலர்கள் ஏறக்குறைய 10 கோடி ஆண்டுகட்கு முன்னரே இவ்வுலகில் இருந்தமை பாறையிற் பதிந்த சுவடுகளால் விளங்குகின்றது. தேனீக்கள் இன்றுள்ளவாறு பெருகிப் பரவுவதற்கு முற்பட்ட காலம் அது. அன்று மகரந்தத்தைச் சுமந்தவை கடினச் சிறகுடைய சிறு வண்டுகளே. இன்றும் மக்னோலியாக் குலத்திற்கு அவையே பெரிதும் துணை. அவை தேனுக்காக வருவனவல்ல. மகரந்தத்தையும் இதழையும் கறித்துத் தின்ன வருவன. பிற மலர்களிலுள்ளது போன்ற தேன்சுரப்பி இக்குலத்து மலர்களிற் பெரும்பாலும் இல்லை.

இங்கு நம் முன்னோரின் ஒரு வழக்கு நினைவிற்கு வருகின்றது. சண்பகத்தையும் வேங்கையையும் ‘வண்டுணா மலர்’ என்பது தமிழ் மரபு. தேனுண்ணும் வண்டு சண்பகத்தை நாடாது என்று புலவர் கூறியதைக் கற்பனை என்று தள்ளிவிடுவார் பலர். சண்பகத்தைப் பொறுத்த மட்டில் அது முற்றுங் கற்பனையன்று. தேன் தேடுவார்க்கு அங்கே விருந்து இல்லை என்பதை மரத்தடியில் நின்று பார்த்தவரே சொல்லியிருத்தல் வேண்டும். மகரந்தம் நாடித் தேனீ சில வேளை வந்து போதல் உண்டாதலின், இதனை விதியாகக் கொள்ளாது நோக்கின் பயனாகக் கொள்வதே தகும்.

இனி வளர்க்கும் முறைக்கு வருவோம். நாஞ்சில் நாட்டிற் சண்பகம் வைப்போர் முதலில் எண்ண வேண்டியது நீர் தேங்குதலைப் பற்றியே. உரம், பூச்சி முதலியன எல்லாம் அதற்குப் பின்னரே. சண்பகத்தின் வேர் சதைப்பற்றுடையது; மூச்சுவிடக் காற்று வேண்டுவது. வேரடியிற் சில நாள் நீர் நின்றாலே அது அழுகத் தொடங்கும். முன்னாளில் நம் ஊர்களில் வீடுகள் மேட்டு நிலத்திலும் வயல்கள் தாழ்நிலத்திலும் இருந்தன. முற்றத்து மரத்திற்கு வடிகாலைப் பற்றிய கவலை இல்லை. இக்காலத்திலோ வயலைத் தூர்த்து வீடு கட்டுதல் பெருகிவிட்டது. மேலே ஓரிரு முழம் செம்மண் இட்டிருப்பினும், கீழே இருப்பது களிமண்ணே. ஐப்பசி, கார்த்திகை மழையில் நீர் அக்களிமண்மேல் நின்று வேரைச் சூழ்ந்துகொள்ளும். இத்தகைய மனையில் வைத்த கன்று முதலாண்டு செழித்து, இரண்டாம் மழையில் இலை மஞ்சளித்து, மூன்றாம் மழையிற் பட்டுப்போதல் இயல்பு. உரிமையாளர் மண் ஆகாது என்பர். கண்ணேறு என்பாரும் உண்டு. உண்மையான காரணம் அடியில் நின்ற நீரே. சண்பகம் நம் மனைகளினின்று மறைந்து வருவதற்கு இதுவே தலையாய காரணம் என்று நாம் கருதுகின்றோம்.

இதனை முன்கூட்டி அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. கன்று வைக்கக் கருதிய இடத்தில் மூன்றடி ஆழக் குழி தோண்டி, அதை நீரால் நிரப்பி வைக்கவும். மறுநாட்காலை நீர் முழுதும் வற்றியிருப்பின் அவ்விடம் தகும். வற்றாது நிற்பின் வேறிடம் தேடுக. வேறிடம் இல்லையேல் நிலமட்டத்திற்கு மேல் ஒன்றரை அடி, இரண்டடி உயரமாக அகன்ற மண்மேடு அமைத்து, அதன் உச்சியில் வைக்கவும். சிறு மேடு போதாது. ஆறேழு அடி அகலமேனும் வேண்டும்.

மேற்குத் தாலுகாக்களிலுள்ள செந்நிறச் சரளை மண் இம்மரத்திற்கு மிக ஏற்றது. நீரும் வடியும், சிறிது புளிப்புத் தன்மையும் உண்டு. சுண்ணாம்பு மிகுந்த மண்ணிற் சண்பகத்தால் இரும்புச் சத்தை உறிஞ்ச இயலாது. நரம்பு பசுமையாக இருக்க இலையின் இடைப்பகுதி வெளிறும். புதுவீட்டின் அருகே காரைத்துண்டும் சிமெண்டுக் கழிவும் புதைந்து கிடக்கும் இடத்தில் இக்கேடு நேர்தல் எளிது. ஆதலின் குழியிற் கட்டடக் கழிவு காணப்படின் முற்றும் அகற்றிவிட்டு நல்ல மண் இடுக. கடற்கரையை ஒட்டிய ஊர்களில், உப்புக்காற்று நேரே படும் இடத்தில் வையாதிருத்தலே நன்று.

விதையினின்று வளர்ப்பதா, ஒட்டுக்கன்று வாங்குவதா என்பது அடுத்த வினா. ஒட்டுக்கன்று இரண்டு மூன்று ஆண்டிற் பூக்கும். மரமும் அடக்கமாக நிற்கும். விதைக்கன்று பூப்பதற்கு எட்டு முதல் பத்து ஆண்டு செல்லும். ஆயின் ஆழ்ந்த ஆணிவேர் கொண்டு தலைமுறை தலைமுறையாக நிற்கும். சிறு மனையும் பொறுமைக் குறைவும் உடையோர் ஒட்டினையே நாடுக. பரந்த வளவு உள்ள குடும்பத்தார் விதைக்கன்று வைப்பதே தக்கது. தந்தை நட, மகள் சூடுவது இம்மரத்தின் இயல்பு. அதிற் குறையொன்றும் இல்லை. வெண்சண்பகம் விரும்புவோர்க்கு இத்தெரிவு இல்லை. அது கலப்பினமாதலின் பெரும்பாலும் விதை கொள்வதில்லை. ஒட்டாலோ பதியனாலோதான் அதனைப் பெறல் வேண்டும். ஒட்டுக்கன்றில் ஒட்டுக்குக் கீழே எழும் தளிரை அவ்வப்போது கிள்ளி எறியாவிடின், அடிமரம் மேலெழுந்து ஒட்டினை நலிவித்துவிடும்.

விதை இடுவோர் பலர் தோல்வியுறுவது ஒரே காரணத்தால். நெல், அவரை முதலியவற்றை உலர்த்திப் பத்திரப்படுத்திப் பழகிய நாம் சண்பக விதையையும் உலர்த்தி வைக்கின்றோம். அவ்விதை உலர்ந்தால் உயிர் போயிற்று. நிழலில் வைத்தாலும் இரண்டு மூன்று வாரத்திற்குமேல் முளைப்புத்திறன் நில்லாது. காய்க்கொத்து வெடித்து உள்ளே செந்நிற விதை தெரிந்தவுடன் எடுத்து, இரண்டொரு நாள் நீரில் ஊறவைத்து, செந்நிறச் சதையை மணலிட்டுத் தேய்த்துக் கழுவிவிட வேண்டும். எண்ணெய்ப்பற்றுடைய அச்சதை முளையைத் தடுப்பதோடு எறும்பையும் அழைக்கும். பறவைகள் அச்சதையைத் தின்று விதையை வேறிடத்தே விடுவதும் இதே தொழில்தான். கழுவிய விதையை மணலும் மக்கிய தழையும் கலந்த தொட்டியில் அரை அங்குல ஆழத்தில் ஊன்றி, நிழலில் ஈரம் மாறாது வைத்தால், ஒன்று முதல் மூன்று திங்களில் முளை தோன்றும். ஒரு திங்கள் கழிந்ததும் மண்ணைக் கிளறிப் பார்க்கும் ஆவலை அடக்கிக்கொள்க. ஆணிவேர் விரைந்து இறங்குமாதலின், கன்றை ஆழமான பையிலோ தொட்டியிலோ வளர்த்து, ஓரடி உயரத்திலேயே உரிய இடத்திற்கு மாற்றிவிடுதல் நலம். பெரிய கன்றைப் பிடுங்கி நடுதலை இம்மரம் பொறாது.

நடும் பருவம் நம் மாவட்டத்தில் இடத்திற்கு இடம் வேறுபடும். இடவப்பாதி நன்கு பெய்யும் மேற்குப் பகுதியிலும் நாகர்கோவிற் சுற்றுப்புறத்திலும், ஆனிச் சாரலோடு நடுதல் சிறந்தது. ஐப்பசிப் பெருமழைக்கு முன் வேர் ஊன்றிக்கொள்ளும். தோவாளை, ஆரல்வாய்மொழிப் பக்கமோ வேறு. கணவாய் வழியே வரும் அத்திங்களின் காற்று மழையைத் தாராது இளங்கன்றைச் சுழற்றி முறிக்கும். அங்கே காற்று ஓய்ந்து வடகிழக்கு மழை தொடங்கும் ஐப்பசியே உரிய காலம். ஊன்றுகோல் இரண்டு நட்டுத் தளர்வாகக் கட்டுதல் எங்கும் வேண்டும்.

குழி மூன்றடிச் சதுரம். மேல்மண்ணோடு மூன்றில் ஒரு பங்கு நன்கு மக்கிய சாணியுரம். பச்சைச் சாணி கூடாது. முதலிரண்டு கோடையில் மேற்கு வெயிலைத் தடுக்கத் தென்னோலை மறைப்பு இட்டு, இரண்டு நாட்கொருமுறை நீர் வார்க்க வேண்டும். தூரைச் சுற்றித் தேங்காய்க் கதம்பையைக் கவிழ்த்து அடுக்கிச் சருகு பரப்பினால் ஈரம் நிற்கும். ஆனால் அவை தண்டைத் தொடலாகாது. வேர் மேலோட்டமாகவும் படர்வதால் தூரின் அருகே மண்வெட்டி இட்டுக் கொத்துதல் தீது.

வீட்டிலிருந்து எத்துணைத் தொலைவில் வைப்பது? 2017-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் வீசிய ஒக்கிப் புயலில் நம் மாவட்டத்தில் எண்ணிறந்த மரங்கள் சாய்ந்தன. அதன்பின் வீட்டருகே மரம் வைக்க அஞ்சுவோர் மிகுந்தனர். அச்சத்திற்குக் காரணம் உண்டு. சண்பகம் காட்டில் 100 அடியளவும் வளரவல்லது. எனவே விதைக்கன்றைச் சுவரிலிருந்து 20 அடிக்குக் குறையாத இடத்தில் வைத்து, ஆளுயரம் கடந்ததும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். பக்கக்கிளைகள் எழுந்து மரம் தாழ நிற்கும். பூவும் கைக்கு எட்டும். முதிர்ந்தபின் பெருங்கிளை வெட்டினால் வெட்டுவாய் ஆறுவதற்கு நெடுநாள் ஆகும். கவாத்து செய்வதாயின் சிறு கிளையிலேயே செய்க. பூமணம் பாம்பை வரவழைக்கும் என்று தடுப்பாரும் உளர். பாம்பு வருவது எலிக்கும் தவளைக்குமே, மணத்திற்கன்று.

தளிரைத் தின்னும் பச்சைப்புழு சில வேளை காணப்படும். அது கரும்பச்சைச் சிறகிற் பசும்புள்ளி தீட்டிய அழகிய வண்ணத்துப்பூச்சி ஒன்றன் குழவி; சில இலை போயினும் மரம் தளர்வதில்லை. கிளையில் வெண்செதில்போல் ஒட்டும் பூச்சியையோ விடலாகாது. துணியைச் சோப்பு நீரில் நனைத்துத் துடைத்தாற் போகும்.

நன்கு நிலைபெற்ற மரம் பெரும்பாலும் இளவேனிலில் மிகுதியாகப் பூத்து, பின்னர் மழைக்கேற்ப ஏனைய திங்களிலும் சிறிது சிறிதாக மலரும். குளிர்நாட்டு மக்னோலியா இரண்டு மூன்று வாரம் மலர்ந்து ஓய்வதை நோக்க, நம் மரமே கொடையிற் பெரிது. பூவை விடியற்காலையிற் பாதி விரிந்த நிலையிற் பறிக்க வேண்டும். வெயில் ஏறினால் மணமும் குன்றும், இதழும் பழுக்கும். கிளை எளிதில் முறியுமாதலின் சிறுவரை ஏறவிடாது துரட்டியாற் பறிப்பதே காவல். பூ முழுதையும் பறித்துவிடாமற் சில கிளைகளை விட்டுவைத்தால், மூன்று நான்கு திங்களிற் சிறு திராட்சைக் கொத்துப் போன்ற காய்கள் முதிரும். அவை வெடிக்கும் முன் மெல்லிய வலைத்துணியாற் கட்டி வைக்காவிடிற் பறவைகள் ஒரே நாளில் விதையைக் கொண்டுபோய்விடும். எடுத்த விதையை அவ்வாரத்திலேயே ஊன்றுக. அயலார்க்குக் கொடுப்பதாயினும் அவ்வாரத்திலேயே, ஈர மணலிற் பொதிந்து கொடுக்க வேண்டும்.